அழுதவள் எழுந்து நடந்த மலை

*நோய், கடன், விளைச்சல் நஷ்டம், சாவு. கஷ்ட காலத்தில் 'பெலன் தாரும்' என்று கேட்கிறவர்களுக்குப் பழனி மலைத்தொடர் 180 ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில் என்ன? கொடைக்கானல் சலேத் மாதா கோயிலிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.*

ஆகஸ்ட் 14, இரவு. கொடைக்கானலில் சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது. மூடுபனிக்குள்ளிருந்து முதலில் பேண்டு சத்தம் வருகிறது. பிறகு மஞ்சளாக ஒரு வெளிச்சம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சப்பரம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்திய ஆண்கள், சேலை முந்தானையில் கைக்குழந்தையை மூடிய பெண்கள், குடைக்குள் செபமாலை உருட்டும் பாட்டிமார். சப்பரம் நெருங்கியதும் உப்பும் மிளகும் பூவும் அதன்மேல் விழுகின்றன. முன்வரிசையில் நின்ற பெண் ஒருத்தி எதையும் தூவவில்லை. மடித்த காகிதம் ஒன்றைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, உதடு மட்டும் அசைய, மாதா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்ட காகிதங்களில் என்ன எழுதியிருக்கும் என்று தமிழ்நாட்டில் எந்தக் கோயில் வாசலில் நின்றவருக்கும் தெரியும். மகனுக்கு வேலை கிடைக்கணும். புருஷன் குடியை விடணும். வட்டிக் கடன் அடையணும். வயிற்றுக் கட்டி கரையணும். நாலே வரிதான். ஒரு வீட்டின் மொத்த பாரமும் அதற்குள் இருக்கும்.

கத்தோலிக்க வீடுகளில் இதைச் 'செபம்' என்பார்கள். சி.எஸ்.ஐ. வீடுகளில் 'ஜெபம்'. பெந்தெகொஸ்தே சபைகளில் 'பெலன் தாரும்' என்று கை உயர்த்துவார்கள். எழுத்து மாறும், கேட்பது ஒன்றே. இந்தக் கஷ்டத்தைத் தாங்க எனக்கு வலு கொடு.

கொடுக்கப்படுகிறதா? இந்தக் கேள்வியோடுதான் மலை ஏறினேன்.

உட்கார்ந்து அழுதாள்

சலேத் மாதாவின் கதை பிரான்ஸில், கிரனோபிள் நகருக்கு அருகே ஆல்ப்ஸ் மலையில் தொடங்குகிறது. 1846 செப்டம்பர் 19. மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்சிமின் என்ற இரண்டு ஏழைப் பிள்ளைகள் ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார்கள். மாதா காட்சி என்றால் ஒளியும் புன்னகையும் நினைவுக்கு வரும். இந்தப் பிள்ளைகள் சொன்ன பெண் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கை ஊன்றி, இரண்டு கைகளிலும் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய சிலுவையின் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு.

அது பஞ்ச காலம். ஐரோப்பாவின் பல பகுதிகளில் உருளைக்கிழங்கு நிலத்துக்குள்ளேயே அழுகிக்கொண்டிருந்தது. அயர்லாந்தில் லட்சக்கணக்கானோர் மாண்டதும் இதே பயிர் நோய் கொண்டுவந்த பஞ்சத்தில்தான். அந்தப் பெண் பிள்ளைகளிடம் உருளைக்கிழங்கு அழுகுவதைப் பற்றிப் பேசினாளாம். கோதுமை கெட்டுப்போவதைப் பற்றியும் பேசினாளாம். கெட்ட கோதுமையைத் தான் பார்த்ததே இல்லை என்றான் மாக்சிமின். அவள் நினைவுபடுத்தினாள்: அப்பாவோடு பக்கத்து ஊர் வயலுக்குப் போனாயே, அங்கே கதிரைக் கசக்கியபோது தூளாக உதிர்ந்ததே, திரும்பும் வழியில் அப்பா உனக்கு ரொட்டித் துண்டு கொடுத்து அடுத்த வருஷம் யாருக்குச் சாப்பாடு இருக்குமோ என்று கவலைப்பட்டாரே. பையன் மறந்துவிட்டிருந்தான். ஒரு ஏழைத் தகப்பன் நடுவழியில் பட்ட பயத்தை அவள் மறக்கவில்லை.

1851-இல் கிரனோபிள் ஆயர் இந்தக் காட்சியை ஏற்று அறிவித்தார். பதினைந்தே ஆண்டுகளில், 1866-இல், பிரெஞ்சு இயேசு சபைத் தந்தை லூயி சேன் சிர் முயற்சியில் கொடைக்கானலில் சலேத் மாதாவுக்குக் கோயில் எழுந்துவிட்டது. அழுகிற மாதா ஏன் இந்த மலைக்கு நெருக்கமானாள் என்பது மன்னவனூர், கூக்கால், பூம்பாறைப் பக்கம் ஒருநாள் சுற்றினால் புரியும். படிக்கட்டு படிக்கட்டாக உருளைக்கிழங்கு, பூண்டு, கேரட், பீன்ஸ். ஒரு வாரம் விடாத மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இலையில் கருகல் விழும். ஐரோப்பாவைப் பட்டினி போட்ட அதே கருகல் நோய். மண்ணுக்குள் நூற்புழு. ராத்திரியில் காட்டுமாடும் பன்றியும். சந்தைக்குப் போனால் விலை இல்லை. பயிர் போனதற்காக அழும் தாய் இங்குள்ள விவசாயிக்கு அந்நியமானவள் இல்லை.

அழுகை வேதத்துக்கும் அந்நியம் இல்லை. வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற கேள்வியை ஆண்டவர் முன்னாலேயே கேட்பவை. 88-ஆம் சங்கீதம் கடைசியில் ஆறுதல் வார்த்தை இல்லாமல் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அழுவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் அந்த ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும்.

---
பெட்டிச் செய்தி: மலையும் மன்றாட்டும்

● 1834: அமெரிக்க மதுரை மிஷன் தொடக்கம்
● 1845: கொடைக்கானலில் மிஷனரிகளின் முதல் இரண்டு வீடுகள்
● 1866: சலேத் மாதா கோயில்
● 1891: ஆயர் ராபர்ட் கால்டுவெல் கொடைக்கானலில் மறைவு, உடல் இடையன்குடியில் அடக்கம்
● 1895: செண்பகனூரில் இயேசு சபையின் திரு இருதயக் கல்லூரி
● 1901: மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி, இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி
● 1947: செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உதயம்
● 1960: வேலூர் சி.எம்.சி. நிறுவனர் ஐடா ஸ்கடர் கொடைக்கானலில் மறைவு
● 2003: திண்டுக்கல் மறைமாவட்டம் உருவாக்கம்
---

சாவுக்குப் பயந்து ஏறியவர்கள்

இன்று தேனிலவுக்கும் ஏரிப் படகுக்கும் பேர்போன கொடைக்கானல், சாவுக்குப் பயந்தவர்கள் கட்டிய ஊர். மதுரைச் சீமையில் இறங்கிய அமெரிக்க மிஷனரிகளைக் காலராவும் காய்ச்சலும் வரிசையாகக் கொண்டுபோயின. குழந்தைகள் இறந்தார்கள், தாய்மார்கள் இறந்தார்கள். முதலில் திண்டுக்கல் அருகே சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கும் விடவில்லை. பிறகுதான் 1845-இல் பழனி மலையின் உச்சியில் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்ற இரண்டு வீடுகளைக் கட்டினார்கள்.

அப்போது சாலை கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதை. நோயாளிகளையும் குழந்தைகளையும் நாற்காலியில் வைத்து நம் ஊர்ச் சுமைகாரர்கள் தோளில் தூக்கி ஏற்றினார்கள். மிஷனரிகளின் ஜெபங்கள் கடிதங்களாகவும் அறிக்கைகளாகவும் கடல் கடந்து பத்திரமாக இருக்கின்றன. நாற்காலிக்கு அடியில் தோள் கொடுத்தவன் மூச்சிரைக்க எந்தச் சாமியை அழைத்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதுவும் பலம் கேட்ட ஜெபம்தான்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ஏறியவர்கள் மேலேயே தங்கிவிடவில்லை. வெயில் தணிந்ததும், காய்ச்சல் இறங்கியதும், அதே பாதையில் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் பெரியகுளத்துக்கும் இறங்கினார்கள். காலரா அங்கேதான் இருந்தது. பள்ளிக்கூடமும் மருந்துப் பெட்டியும் அங்கேதான் இருந்தன.

எழுந்து பேசினாள்

சலேத் மாதாவின் காட்சிக்கு மூன்று நிலைகள் உண்டு. பிரான்ஸில் அந்த இடத்திலேயே மூன்று சிலைத் தொகுதிகளாக வைத்திருக்கிறார்கள். முதலில் உட்கார்ந்து அழுகிறாள். அடுத்து எழுந்து நின்று பிள்ளைகளிடம் பேசுகிறாள். கடைசியில் மேட்டில் ஏறி நடக்கிறாள். கஷ்ட கால ஜெபத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

வேதத்தின் பெரிய ஜெபங்கள் சிலவும் இந்த வரிசையில்தான் போகின்றன. கெத்செமனே தோட்டத்தில் இயேசு வேர்த்துக் கலங்கி, இந்தப் பாடு தன்னை விட்டுப் போகட்டும் என்று கேட்டார். போகவில்லை. ஜெபம் முடிந்ததும் எழுந்து, தன்னைப் பிடிக்க வந்தவர்களை நோக்கி நடந்தார். பவுல் தன் உடம்பில் குத்திய முள்ளை எடுக்கும்படி மூன்று முறை மன்றாடினார். முள் எடுபடவில்லை, முள்ளோடு நடக்கக் கிருபை கிடைத்தது. இரண்டு பேருக்கும் கேட்டது கிடைக்கவில்லை. பெலன் கிடைத்தது. கிறிஸ்தவ மரபில் 'ஜெபம் கேட்கப்பட்டது' என்பதற்கு இதுவும் பொருள்.

எழுந்து பேசுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதே ஊரில் ஒரு சாட்சியம் உண்டு. பாம்பார் சோலையை ஒட்டி இயங்கிய இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த உடைசல், மூஞ்சிக்கல் காயலான் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளியே வந்தது. ஊர் திரண்டது, ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்தது 2016 மார்ச்சில். நடுவில் 15 ஆண்டுகள். இதை ஜெபத்தின் வெற்றி என்று நான் எழுதமாட்டேன். அது தொழிலாளர்கள் விடாமல் பேசியதன் பலன். ஆனால் 15 ஆண்டு காத்திருந்த வீடுகளில் எண்ணெய் விளக்கும் எரிந்தது, மெழுகுவத்தியும் எரிந்தது. வெளியே பேசுவதற்கான தெம்பை மனிதர்கள் எங்கிருந்தோ எடுத்தாக வேண்டியிருக்கிறது.

மூன்று கதவுத் தட்டல்கள்

ஐடா ஸ்கடரை வேலூர்க்காரராகவே நமக்குத் தெரியும். அவருடைய கடைசி ஆண்டுகள் கொடைக்கானல் 'ஹில்டாப்' வீட்டில் கழிந்தன.

1870-இல் ராணிப்பேட்டையில், மிஷனரி மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர். இளம்பெண்ணாக அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தது நோயுற்ற தாயைக் கவனிக்க மட்டுமே. ஊழியம் வேண்டாம், திரும்பிப் போய்த் தன் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் முடிவு. ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில். தந்தை டாக்டர்; அவர் வரத் தயார். ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அன்றிரவு அவர் தூங்கவில்லை, ஜெபித்தார். விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த இரவின் ஜெபம் அந்த மூவரையும் காப்பாற்றவில்லை. இதை மழுப்பக் கூடாது. ஆனால் அந்த ஜெபத்திலிருந்து எழுந்த பெண் அமெரிக்கா போனார். 1899-இல் கார்னெல்லில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1930-களின் இறுதியில் அரசு பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கியபோது பள்ளியே மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதில் கப்பலேறி அமெரிக்கா போய் நிதி திரட்டினார். 1946-இல் பொறுப்பிலிருந்து விலகி மலைக்கு வந்தவர், 1960 மே மாதம் இங்கே கண் மூடினார்.

இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் கடைசி நம்பிக்கையாக 'வேலூருக்குக் கூட்டிட்டுப் போகலாம்' என்கின்றன. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் திண்டிவனத்தில் ஒரு பெண் விடிய விடிய விழித்திருந்த இரவு இருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஜெபத்தை ஆய்வகத்தில் நிறுத்திப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2006-இல் வெளியானது. முகமறியாதவர்கள் தூரத்திலிருந்து ஜெபித்ததால் சிக்கல்கள் குறையவில்லை. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களிடம் சிக்கல் கொஞ்சம் கூடவே இருந்தது.

இன்னொரு ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது. உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குழுவினர், மருத்துவமனையில் சேர்ந்த 596 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2001-இல் முடிவை வெளியிட்டனர். கடவுள் தன்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார் என்று மனதுக்குள் போராடியவர்களிடம் இறப்பு விகிதம் அதிகமாக இருந்தது. நோயாளியின் தலைமாட்டில் நின்று 'நீ செய்த பாவம்' என்று சொல்கிறவர் என்ன செய்கிறார் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஜெபத்தின் இந்த இரண்டு பக்கங்களையும் நான் கண்ணால் பார்த்தவன். என் அம்மாவுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் பழுதான சமயம். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர், மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்றார். அம்மா மூன்று நாள் நிறுத்தினாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரி. அங்கே வந்தார் பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. அத்தை. கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்தார். பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றி என் கையில் கொடுத்து, "நீ போய்ப் படு, ராத்திரி நான் பாத்துக்கறேன்" என்றார். பதினொரு நாள் அப்படி வந்தார். இரண்டு பேருமே ஜெபித்தார்கள். யாருடைய ஜெபம் எங்களுக்குப் பெலன் தந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

---
பெட்டிச் செய்தி: ஜெபத்தோடு இதுவும்

● 14416: மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை.
● 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். மனநல உதவியும் உண்டு.
● தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அது விசுவாசக் குறைவு இல்லை. சிகிச்சை தேவைப்படும் நிலை.
● மருந்தை நிறுத்தச் சொல்கிற எந்த ஜெபத்தையும் மறுத்துவிடுங்கள்.
---

ஏறி நடந்தாள்

மூன்றாவது நிலைக்கு வருவோம். பேசி முடித்த அன்னை பிள்ளைகளைத் தாண்டி மேட்டில் ஏறி நடந்தாள்.

நடப்பது இந்த மலைக்குப் பழகிய ஜெபம். கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் மேகம் விலகும்போது கீழே பழனி தெரியும். தைப்பூசத்துக்கு லட்சோப லட்சம் பேர் பச்சை வேட்டியோடு நடந்து வரும் பழனி. அதே திண்டுக்கல் மாவட்டச் சாலைகளில் ஆகஸ்ட் பிறந்தால் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களைப் பார்க்கலாம். வெடித்த பாதத்துக்கு எண்ணெய் தடவிவிடும் கை, யார் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று கேட்பதில்லை. பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு, சலேத் மாதா சப்பரத்துக்கு மிளகு தூவ வருகிறவர்களும் உண்டு. துன்பத்துக்கு மதம் இல்லாதபோது அதன் மருந்துக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

தனியாக நடப்பவருக்குப் பாரம் தெரியும். கூட்டத்தில் நடப்பவருக்குத் தூரம் குறையும். கத்தோலிக்கப் பங்குகளில் தெருவுக்கு ஒன்றாக இருக்கும் அன்பியங்கள் என்ற குடும்பக் குழுக்களும், சி.எஸ்.ஐ. சபைகளின் வீட்டு ஜெபக் கூட்டங்களும், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபங்களும் செய்வது இதைத்தான். அங்கே ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் யார் வீட்டில் நோய், யார் வீட்டில் கடன், யார் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் இல்லை என்பது பத்துக் குடும்பங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடிவதில்லை. தவக்காலத்துச் சிலுவைப்பாதையின் ஐந்தாம் தலத்தில் சிரேன் ஊர் சீமோன் வருகிறார். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த வழிப்போக்கர், சிலுவைக்குத் தோள் கொடுத்தார். இயேசுவுக்கே அந்த நேரத்தில் பெலன் ஒரு மனிதனின் தோள் வழியாகத்தான் வந்தது.

2018 நவம்பர் 16 கஜா புயலன்று மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, கரண்டு போய் இந்த மலை துண்டாகிக் கிடந்தது. 2020-இல் ஆலயக் கதவுகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பயணிகள் வராததால் விடுதி, குதிரை, படகு, சாக்லேட் கடை என்று நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு தடுமாறியது. கோயில் மூடியபோதும் ஜெபம் நிற்கவில்லை. அது செல்போனுக்கும், பக்கத்து வீட்டு வாசலில் வைத்த அரிசிப் பைக்கும் இடம் மாறியது. பெலன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் அந்தப் பையைத்தான் காட்டுவேன்.

அந்தக் காகிதம்

சப்பரம் கடந்துபோன பிறகு அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தேன். கையில் காகிதம் இல்லை, பெட்டியில் போட்டிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் திணறிக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் முழங்கையைப் பிடித்து ஈரப் படிகளில் மெல்ல இறக்கிவிட்டாள். அவள் கேட்டது என்ன என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தரப்பட்டது என்ன என்பதைப் பார்த்துவிட்டேன். தன் பாரத்தோடு இன்னொருவரையும் தாங்கும் கை அது.

கஷ்ட கால ஜெபம் மலையை நகர்த்திவிடும் என்று இந்தக் கட்டுரை சொல்லாது. அழுவதற்கு இடம் தரும், எழுந்து பேச வைக்கும், நடக்க வைக்கும். பழனி மலை இத்தனை காலமாகக் காட்டுவது அதைத்தான்.

வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கஷ்டத்தில் இருப்பவரிடம் 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இனி அப்படிச் சொல்லும் நாளில், அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். கையில் ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பி இருந்தால் இன்னும் நல்லது.